வயிற்றில் பிள்ளை, மடியில் லேப்டாப்: வீட்டிலிருந்து கூடுதல் நேரம் வேலை செய்யும் கர்ப்பிணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் பதினான்கு வருடமாகச் சம்பளக் கணக்கும் ஆள் நிர்வாகமும் பார்க்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலையிலிருந்து ஒரு குரல் வரும்: "அக்கா, ராத்திரி வீட்ல செய்ற வேலைக்கு..." ஆள்தான் மாறுகிறது, சந்தேகம் அதேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன்.

இங்கே சொல்லும் விதிகள் தீபகற்ப மலேசியாவின் தனியார் துறைக்கு உரியவை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும், 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த அதன் திருத்தங்களும்தான் அடிப்படை. அரசாங்க ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு. கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன்.

மாசமா இருக்கேன்னு ஆபீஸ்ல எப்போ சொல்லணும்? மூணு மாசம் முடியட்டும்னு அம்மா சொல்றாங்க.

பிரசவத் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள், எப்போது பிரசவம், எந்தத் தேதியிலிருந்து லீவு என்று முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொல்லாவிட்டால் மகப்பேறு காலச் சம்பளத்தை, நீங்கள் சொல்லும் வரை நிறுத்தி வைக்கலாம். அது கடைசிக் கெடு. அதுவரை காத்திருக்க வேண்டும் என்று பொருள் இல்லை.

அம்மா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் மூன்று மாதத்தில்தான் வாந்தியும் மயக்கமும் அதிகம். அந்த நேரத்தில் ராத்திரி பதினோரு மணி வரை வேலை பார்க்கிறீர்கள் என்றால், ஊருக்கே சொல்ல வேண்டாம், மேனேஜருக்கோ எச்.ஆருக்கோ ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். வாயால் சொன்ன கையோடு ஒரு சின்ன மெயிலும் போட்டு வையுங்கள். அது பின்னால் எதற்கு உதவும் என்பது கீழே வருகிறது.

வீட்ல சோபாவுல உக்காந்து செய்றதெல்லாம் ஓவர்டைமா? ஆபீஸ்ல இருக்கலையே?

சட்டம் நாற்காலியைப் பார்ப்பதில்லை, நேரத்தைத்தான் பார்க்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம்: 2023க்கு முன் இது 48 ஆக இருந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. அந்த இடைவேளை 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

உங்கள் வழக்கமான நேரம் முடிந்த பிறகு, கம்பெனிக்காகச் செய்யும் வேலை ஓவர்டைம்தான். ரிப்போர்ட் எழுதுவது வேலை, இன்வாய்ஸ் சரிபார்ப்பது வேலை, வாட்ஸ்அப் குரூப்பில் வாடிக்கையாளருக்கு இருபது நிமிடம் பதில் சொல்வதும் வேலை. குரூப்பில் வந்த பிறந்த நாள் வாழ்த்துக்குக் கை கூப்புவது வேலை இல்லை. கேட்டார் ஒருவர், அதனால் எழுதுகிறேன்.

எவ்வளவு காசு வரணும்? கணக்கு போட்டுக் காட்டுங்கக்கா.

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை உங்கள் வழக்கமான வேலை மணிகளால் வகுத்தால் ஒரு மணிக் கூலி. சாதாரண நாளில் ஓவர்டைம் அதற்கு ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் வழக்கமான நேரத்துக்கு மேல் செய்தால் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. சம்பளம் 2,600 ரிங்கிட் என்று வையுங்கள். நாள் கூலி 100, எட்டு மணியால் வகுத்தால் 12.50, ஒன்றரை மடங்கு 18.75 ரிங்கிட்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. காலையில் வேலை தொடங்கியதிலிருந்து இடைவேளையும் சேர்த்துப் பத்து மணி நேரம்தான் ஒரு வேலை நாளின் நீளம். பத்து மணி நேரம் தாண்டிய பிறகும் வேலை நடந்தால், அந்தப் பத்து மணி முடிந்த கணத்திலிருந்து நீங்கள் வேலையை நிறுத்தும் வரை உள்ள முழு நேரமும் ஓவர்டைமாகக் கருதப்படும். காலை 9 மணிக்குத் தொடங்கினால் மாலை 7 மணியோடு பத்து மணி நேரம் முடிகிறது. நீங்கள் சமைத்து, சாப்பிட்டு, 9 மணிக்கு லேப்டாப்பைத் திறந்து 11 மணிக்கு மூடினால், கணக்கு இரண்டு மணி நேரம் இல்லை, ஏழிலிருந்து பதினொன்று வரை நான்கு மணி நேரம். மேலே சொன்ன சம்பளத்தில் 75 ரிங்கிட். இதைச் சொன்னதும் ஒரு முதலாளி சட்டப் புத்தகத்தையே எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தேன், படித்தார், அடுத்த வாரமே இரவு மெசேஜ்கள் குறைந்தன.

என் சம்பளம் 4,300. எனக்கு ஓ.டி. கிடையாதாமே? அப்போ எவ்வளவு நேரம் வேணாலும் வேலை வாங்கலாமா?

முதல் பாதி சரி. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு ஓவர்டைம் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. கம்பெனி ஒப்பந்தத்தில் கொடுப்பதாக எழுதியிருந்தால் உண்டு. 4,000 என்ற அந்த எல்லையைக் கணக்கிடும்போது கமிஷனையும் ஓவர்டைம் பணத்தையும் சேர்க்கக் கூடாது.

இரண்டாம் பாதி தவறு. வேலை நேர வரம்பும் மகப்பேறு லீவும் கீழே சொல்லப்போகும் மற்றப் பாதுகாப்புகளும் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் உண்டு. என் அனுபவத்தில் இரவில் அதிகம் மாட்டிக்கொள்வது இந்தச் சம்பளக்காரர்கள்தான். காசு கொடுக்க வேண்டியதில்லை என்றால் மணியை எண்ணுபவர் யாரும் இல்லை.

கர்ப்பிணிங்க ஓவர்டைம் செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கா இல்லையா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

நேரடித் தடை இல்லை. முன்பு தொழிற்சாலை, தோட்ட வேலைகளில் பெண்கள் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை வேலை செய்யக் கட்டுப்பாடு இருந்தது. 2023 திருத்தத்தில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய நினைவில்தான் பலர் "தடை இருக்கு" என்கிறார்கள்.

இப்போது எல்லோருக்கும் பொதுவான வரம்புகள்தான்: மாதத்துக்கு 104 மணி நேர ஓவர்டைம், ஒரே நாளில் மொத்தம் 12 மணி நேர வேலை. விபத்து, இயந்திரப் பழுது, அத்தியாவசியச் சேவை என்று சில விதிவிலக்குகள் உண்டு. மாதக் கடைசி என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 104 மணி என்பது வாரத்தில் ஆறு நாளும் நான்கு மணி நேரம் கூடுதலாக உட்காருவது. எட்டு மாத வயிற்றோடு அதைச் செய்யலாம் என்று சட்டம் சும்மா இருக்கிறது என்பதற்காகக் கம்பெனியும் சும்மா இருக்க வேண்டியதில்லை. "இரவு வேலை வேண்டாம்", "இத்தனை மணி நேரம் போதும்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், பொறுப்புள்ள எந்த முதலாளியும் அதை மீற மாட்டார்.

யாரும் என்னைச் செய்யச் சொல்லலை, நானாத்தான் செய்றேன். அப்புறம் எந்த மூஞ்சியோட உதவி கேக்கறது?

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது பிள்ளையின் போது எனக்கு ஏழாவது மாதம். அப்போது வேறு ஒரு கம்பெனியில் இருந்தேன். சம்பளம் போடும் வாரம் வந்தால் கட்டிலில் காலை நீட்டி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, ஒரு மணி வரை கணக்குப் பார்ப்பேன். முடித்த மெயிலை உடனே அனுப்ப மாட்டேன். காலை எட்டு மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வைத்துவிட்டுத் தூங்குவேன். இரவு ஒரு மணிக்கு மெயில் வந்தால் "இவளால் சமாளிக்க முடியவில்லை" என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்த வருட மதிப்பீட்டில் என் மேனேஜர் எழுதினார்: "கர்ப்ப காலத்திலும் வேலை பாதிக்கப்படவில்லை." எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் கண்ணுக்குத் தெரியாத முப்பது நாற்பது மணி நேரத்தை நானே துடைத்து வைத்திருந்தேன்.

வீட்டிலிருந்து செய்யும் கூடுதல் வேலையின் சிக்கல் இதுதான். ஆபீஸில் எட்டு மணி வரை விளக்கு எரிந்தால் யாராவது பார்ப்பார்கள், "ஏம்மா இன்னும் கிளம்பலையா" என்று கார்ட் அண்ணனாவது கேட்பார். வீட்டில் எரியும் விளக்கு யாருக்கும் தெரியாது. அதனால் உதவி கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: தெரியச் செய்யுங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன வேலை என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். மெயிலை முடித்த நேரத்திலேயே அனுப்புங்கள். பிறகு மேனேஜரிடம் "எனக்குக் கஷ்டமாக இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், "இந்த இரண்டு வாரத்தில் 19 மணி நேரம் ராத்திரியில் போயிருக்கு, அதில் 11 மணி நேரம் இந்த ஒரே ரிப்போர்ட்டுக்கு" என்று சொல்லுங்கள். கஷ்டத்துக்கு ஆறுதல்தான் கிடைக்கும். பதினொரு மணி நேரத்துக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

நான் டீம் லீடர். "ரெஸ்ட் எடும்மா"ன்னு தினமும் சொல்றேன். அந்தப் பொண்ணு கேக்கவே மாட்டேங்குது.

அண்ணே, கோபிக்காமல் கேளுங்கள். வேலையைக் குறைக்காமல் ஓய்வெடு என்று சொல்வது, சோறு போடாமல் சாப்பிடு என்று சொல்வது மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய ஐந்து வேலை திங்களன்றும் ஐந்தாகவே இருந்தால் அவர் எப்படி ஓய்வெடுப்பார்?

ஒரு அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். கையில் இருக்கும் வேலைகளை எல்லாம் அவரே சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிவுதான்: இது தள்ளிப் போகலாம், இது வேறு ஆளுக்குப் போகலாம், இது வேண்டவே வேண்டாம். குறைந்தது ஒன்றாவது அந்தக் கூட்டம் முடிவதற்குள் அவர் கையைவிட்டுப் போக வேண்டும். பல ஆபீஸ்களில் யாரும் படிக்காத ஒரு வாராந்தர ரிப்போர்ட் இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு "அவசரம் இல்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று அனுப்பும் மெசேஜை அவர் ராத்திரி பத்து மணிக்கே பார்ப்பார். காலையில் அனுப்புங்கள். அடுத்து, "ஓய்வு எடுத்தியா" என்று கேட்டால் "எடுத்தேன்" என்றுதான் பதில் வரும். "நேற்று எத்தனை மணிக்கு மூடினே" என்று கேளுங்கள். அதே சமயம் பாதுகாக்கிறேன் என்ற பேரில் நல்ல வேலைகளை எல்லாம் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு ஃபைல் அடுக்கச் சொல்லாதீர்கள். குறைய வேண்டியது மணி நேரம். அவருடைய இடம் குறையக் கூடாது.

அமெரிக்கா போன் கால் ராத்திரி 11 மணிக்குத்தான். அதை எப்படி மாத்தறது? நாங்க பாயான் லெப்பாஸ்ல இருக்கோம், அவங்க கலிபோர்னியால.

இங்கே இரவு 11 என்றால் கோடையில் அங்கே காலை 8. அவர்களுக்கு வசதியான நேரம், அதனால் யாரும் மாற்ற நினைப்பதில்லை. ஆனால் இங்கே காலை 7.30 என்றால் அங்கே முந்தைய நாள் மாலை 4.30, குளிர்காலத்தில் 3.30. அவர்களும் ஆபீஸில்தான் இருப்பார்கள். பாதிக் கால்களையாவது காலைக்கு மாற்றக் கேளுங்கள். வீட்டிலிருந்தே 7.30க்குப் பேசினால் பினாங்குப் பாலத்தின் நெரிசலும் கழியும். ஜெர்மனி, இங்கிலாந்து என்றால் இன்னும் சுலபம்: நம் மாலை 4 மணி ஜெர்மனிக்குக் கோடையில் காலை 10.

மாற்றவே முடியாத கால் என்றால், கால் உள்ள நாளில் காலையில் தாமதமாகத் தொடங்க வேண்டும். பத்து மணி நேர விதியை மேலே பார்த்தோமே, அது இங்கேதான் கைகொடுக்கும். மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவு வரை ஒரே வேலை நாளுக்குள் அடங்கிவிடும். காலை 9க்கும் வந்து இரவு 11க்கும் உட்காருவதுதான் உடம்பை உடைக்கிறது.

எழுதிக் கேட்டா பிரயோஜனம் இருக்கா? பாஸ் வாயால சரின்னு சொல்லிட்டாரு.

வாயால் சொன்ன பாஸ் அடுத்த மாதம் வேறு பிரிவுக்குப் போய்விடுவார். எழுதுங்கள். வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் இவற்றை மாற்றக் கோரி எழுத்து மூலம் விண்ணப்பிக்க 2023 முதல் சட்டத்தில் இடம் இருக்கிறது. விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் முதலாளி எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை.

அந்த 60 நாளை மறந்துவிடாதீர்கள். ஐந்தாவது மாதம் கேட்டால் ஏழாவது மாதம்தான் பதில் வரலாம். கடிதம் ஒரு பக்கம் போதும்: என்ன மாற்றம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வேலை எப்படி நடக்கும். "இரவு 8 மணிக்குப் பிறகு வேலை, கால், மெசேஜ் இல்லை" என்று நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வேலை நேரம் முடிந்ததும் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் இருக்கிறது. நம் வேலைவாய்ப்புச் சட்டத்தில் அப்படித் தனிப் பிரிவு இல்லாததால், இந்த மாதிரி ஒரு வரிதான் நமக்குப் பிடிமானம்.

செக்கப்புக்கு விடறாங்க. ஆனா அந்த வேலையை ராத்திரி முடிச்சுக் குடுக்கச் சொல்றாங்க.

இதை நான் "கண்ணுக்குத் தெரியாத லீவு வெட்டு" என்பேன். சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைக்கும் டெஸ்டை நினைத்துப் பாருங்கள்: வெறும் வயிற்றோடு காலையில் ரத்தம், தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் ரத்தம். கிளினிக் கூட்டத்தோடு சேர்த்தால் அரை நாள் போகும். வந்ததும் படுக்கத் தோன்றும். அன்றைக்கே இரவு நான்கு மணி நேரம் உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம்?

கர்ப்பகாலச் செக்கப்புக்கு என்று தனி லீவு சட்டத்தில் இல்லை. கம்பெனிகள் கிளினிக் தரும் நேரச் சீட்டை ஏற்றுக்கொள்கின்றன, அல்லது ஆண்டு லீவில் கழிக்கின்றன. உடம்பு முடியாமல் டாக்டர் எம்.சி. (மருத்துவச் சான்று) கொடுத்தால் அது மருத்துவ லீவு: சேவைக் காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் அதற்குத் தனியாக 60 நாள். எந்த லீவாக இருந்தாலும், அன்றைய வேலை அடுத்த நாளுக்குப் போக வேண்டும். இரவுக்குப் போனால் அது லீவே இல்லை, முன்பு சொன்ன நோட்டில் அதையும் எழுதுங்கள்.

உக்காந்து செய்ற வேலைதானே, என்ன ஆகப்போகுது? நாங்கல்லாம் எஸ்டேட்ல பால் மரம் வெட்டினவங்க.

ரப்பர் மரத்தில் பால் எடுத்த பாட்டிகள் கேட்பது. நியாயமான கேள்வி, மரியாதையோடு பதில் சொல்கிறேன். நீங்கள் விடியற்காலையில் மரம் வெட்டி, இருட்டியதும் படுத்தீர்கள். இவள் பகலிலும் உட்கார்ந்து, இரவிலும் உட்காருகிறாள். நகராமல் இருந்தால் கால் வீங்கும், முதுகு பிடிக்கும், கர்ப்ப காலத்தில் கால் நரம்பில் ரத்தம் கட்டும் அபாயமும் கூடும். நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுவது, நம்மவர்களிடம் அதிகம் காணும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு ஆகாது.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. வேலையில் மூழ்கியவர் உடம்பு சொல்வதைக் கவனிக்க மாட்டார். கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் பிள்ளையின் அசைவைக் குறிக்கும் கட்டம் இருக்கிறது: பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு. அதை நிரப்பாமல் எக்செல் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். அசைவு குறைந்தால், விடாத தலைவலி வந்தால், கண் மங்கினால், முகமும் கையும் திடீரென்று வீங்கினால், மேல் வயிறு வலித்தால், ரத்தமோ நீரோ போனால், அந்த மெயிலை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. புத்தகத்தில் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று காட்டும் மஞ்சள், சிவப்பு நிற ஒட்டு இருந்தால் அதையே மேனேஜரிடம் காட்டலாம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் அவங்க வீட்டுக்காரர். ஆபீஸ் விஷயத்துல நான் என்ன செய்ய முடியும்?

ஆபீஸ் விஷயத்தில் ஒன்றும் வேண்டாம், மேனேஜருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வீட்டில் நடக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பல பெண்களுக்கு ராத்திரி வேலை ஒன்பது மணிக்குத் தொடங்கக் காரணமே அந்த இரண்டு மணி நேரம்தான். அப்புறம் உங்கள் லீவு: ஏழு நாள், தொடர்ச்சியாக, சம்பளத்தோடு. மணமானவராக, அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்தவராக இருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்பாவது சொல்ல வேண்டும். ஐந்து பிரசவம் வரை உண்டு.

ஓ.டி.யைக் குறைங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. அந்தக் காசு இல்லாட்டி வீட்டுக் கடன் யார் கட்டுவா?

இதைக் கேட்டவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை, எனக்கே வாய் வரவில்லை. பிள்ளை வரப்போகிறது, செலவு கூடப்போகிறது, முடிந்த வரை சேர்த்து வைப்போம் என்பது சோம்பேறிப் பேச்சு இல்லை.

ஆனாலும் ஒரு கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். மகப்பேறு லீவு 98 நாள். அந்த நாட்களுக்குக் கிடைப்பது வழக்கமான சம்பளம், ஓவர்டைம் அதில் சேராது. மாதம் 600 ரிங்கிட் ஓ.டி.யை நம்பிக் குடும்பம் நடத்தினால் மூன்று மாதத்துக்கு மேல் அந்த 600 இருக்காது. எட்டாவது மாதத்தில் திடீரென்று நிற்பதைவிட, ஐந்தாவது மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழகுவது வீட்டுக்கும் நல்லது. செய்கிற மணிகளுக்காவது முழுக் காசு வருகிறதா என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு அப்படிப் பார்த்ததில், மணி நேரத்தைக் குறைத்தும் வருமானம் குறையவில்லை. அதுவரை பாதிக் காசுதான் வந்திருக்கிறது.

எங்களோடது ஆறு பேர் வேலை செய்ற கணக்காய்வுக் கடை. மாத்து ஆள் போட வசதி இல்லை.

ஆறு பேர் என்றாலும் அறுநூறு பேர் என்றாலும் 98 நாள் ஒன்றுதான். உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் சின்னக் கடைகளில் நான் பார்ப்பது, லீவுக்குப் போகும் முன் மூன்று மாத வேலையையும் அந்தப் பெண்ணே முன்கூட்டி முடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. ராத்திரி வேலை பெருகுவது அங்கேதான். ஐந்தாவது மாதத்திலேயே கைமாற்றும் வேலையைத் தொடங்குங்கள், பகல் நேரத்தில். வாரத்துக்கு ஒரு வாடிக்கையாளரின் ஃபைலை அடுத்தவர் கையில் கொடுத்தால் லீவுக்கு முன் எல்லாம் மாறிவிடும். லீவு பிரசவத்துக்கு 30 நாள் முன்பே தொடங்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ராத்திரி முடியாதுன்னு சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?

கர்ப்பமாக இருக்கும்போதும், கர்ப்பத்தால் வந்த நோயின் போதும் வேலையை விட்டு நீக்குவது குற்றம். சட்டத்தின் 41ஏ பிரிவு மூன்றே விதிவிலக்கு தருகிறது: ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறுவது, ஒழுங்கீனம், கம்பெனியையே மூடுவது. அதோடு, நீக்கியதற்குக் கர்ப்பம் காரணம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. முதல் கேள்வியில் மெயில் போடச் சொன்னது இதற்குத்தான்: அவருக்கு எப்போது தெரியும் என்பதற்கு அது சாட்சி.

நடந்தே விட்டால், 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்ய வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வளைகாப்பு வேலையில் மறந்துபோனார்கள். "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க" என்று நல்ல மாதிரி பேசினால், அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பன்னெண்டு வாரத்துல கலைஞ்சுபோச்சு. ராத்திரி வேலை செஞ்சதாலதானா அக்கா?

இல்லை என்று உங்களைப் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பெரும்பாலானவை கருவின் குரோமோசோமில் ஏற்பட்ட பிழையால் வருபவை. அது நீங்கள் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது இல்லை. இந்தக் கேள்வியை உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

லீவைப் பொறுத்தவரை, 22 வாரத்துக்குப் பிறகு குழந்தை உயிரோடு பிறந்தாலும் இல்லாவிட்டாலும் 98 நாள் உண்டு. அதற்கு முன் என்றால் எம்.சி.தான், டாக்டர் கொடுக்கும் நாட்களை முழுமையாக எடுங்கள். அந்த நாட்களில் லேப்டாப் வேண்டாம்.

பிரசவ லீவுல இருக்கேன். "ஒரே ஒரு பாஸ்வேர்டு கேக்கணும்"னு மெசேஜ் வருது.

பாஸ்வேர்டு பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். மூன்றாவது மெசேஜில் அது ஃபைலாகவும், ஐந்தாவதில் "கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா"வாகவும் மாறும். லீவு தொடங்கும் அன்று குரூப்பிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். மேனேஜர்களுக்கு: நீங்களே எடுத்துவிடுங்கள், அவராக வெளியேறினால் கோபித்துக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

எல்லாம் எழுதி வெச்சேன். "நான் செய்யச் சொல்லவே இல்லையே"ன்னு பாஸ் சொல்றாரு. இப்போ என்ன?

இதுதான் இருப்பதிலேயே சிக்கலானது. வாயால் "செய்" என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. மாலை 6 மணிக்கு வேலை வந்து மறுநாள் காலை 9 மணிக்குக் கேட்கப்பட்டால், இரவில் செய்வார்கள் என்று கொடுத்தவருக்குத் தெரியும். இரவு 11.40க்கு நீங்கள் அனுப்பியதற்கு அவர் "நன்றி" என்று பதில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்த மெயில்கள், மெசேஜ்கள், ஃபைல் சேமித்த நேரம், உங்கள் நோட்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள். சொந்தப் போனில் படம் எடுத்து வையுங்கள், ஆனால் கம்பெனியின் ரகசிய ஃபைல்களை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது உங்களையே மாட்டிவிடும். முன்கூட்டி அனுமதி வாங்கினால்தான் ஓ.டி. என்று கம்பெனி விதி இருந்தால், இன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் "இதை முடிக்க இரவு இரண்டு மணி நேரம் ஆகும், செய்யட்டுமா, நாளைக்குச் செய்யட்டுமா" என்று கேட்டு மெயில் போடுங்கள். பத்தில் எட்டு முறை "நாளைக்கு" என்றுதான் பதில் வரும்.

பேசித் தீராவிட்டால், தொழிலாளர் புகார்களை விசாரிக்கும் ஆள்பல இலாகாவுக்கு, அதாவது ஜே.தி.கே.வுக்குப் போங்கள். வக்கீல் தேவையில்லை, புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை. முதலாளி வேலைப் பதிவுகளை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும், அவற்றைக் கொண்டு வரச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. போகும்போது பிங்க் புத்தகத்தையும் நோட்டையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். எண் வாங்கிவிட்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டி வரலாம், தண்ணீரும் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும்.